பழைய பேரேட்டைப் படிப்பது எப்படி? சிறுகடை நடத்திய தாத்தாவின் வாழ்க்கை அதில் எங்கே ஒளிந்திருக்கிறது?

பரணைச் சுத்தம் செய்யும்போது சில வீடுகளில் நீளவாக்கில் தைத்த, சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டு கிடைக்கும். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ ஊரில் கடை வைத்திருந்த காலத்துக் கணக்கு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் ‘லாபம்’ என்று ஒரு சொல், அப்புறம் யாருக்கும் புரியாத குறிகள். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டதும், “அந்தக் காலத்தில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி பாருங்கள்!” என்று ஆளுக்கு ஆள் பெருமூச்சு விடுவார்கள்.

அந்தப் பெருமூச்சு பெரும்பாலும் தப்புக் கணக்கிலிருந்து வருகிறது. அந்த ரூபாயும் படியும் நாம் நினைக்கிற ரூபாயும் படியும் இல்லை. சிறுவணிகர் எதை விற்றுப் பிழைத்தார் என்பதும் விலைப் பட்டியலில் தெரியாது. குறிகளில் தொடங்கி, காசு, எடை, கடன் என்று போனால்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

## முதலில் குறிகள்

சுமார் 1950 வரைக்குமான பல கணக்குகளில் தமிழ் எண்களும் சுருக்கக் குறிகளும் கலந்திருக்கும். இவற்றைத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசிப் பக்கம் திறந்துவிடும்.

1. எண்கள்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி எழுத்துகள் உண்டு. ௨௰௫ என்றால் இரண்டு பத்தும் ஐந்தும், அதாவது 25.
2. நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵.
3. பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹.

‘சித்திரபானு௵ ஆடி௴ ௰௨௳’ என்று இருந்தால் சித்திரபானு வருடம் ஆடி 12. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். சித்திரபானு 1942-இலும் வந்தது, 1882-இலும் வந்தது. எது என்று முடிவு செய்ய வேறு தடயம் வேண்டும். கணக்கோடு ரசீது ஏதாவது ஒட்டியிருந்தால் ஸ்டாம்பில் எந்த ராஜா அல்லது ராணி தலை இருக்கிறது என்று பாருங்கள். 20 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கிக் கொடுத்த ரசீதில் ஒரு அணா ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்பது அன்றைய சட்டம் என்பதால், பெரிய வரவு நடந்த இடங்களில் அது இருக்க வாய்ப்பு அதிகம்.

நோட்டு ஒன்றாக இருக்காது. அன்றாடம் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி, அல்லது சிட்டை. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. ஆண்டுக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பது ஐந்தொகை. சின்னக் கடைக்காரர் பலர் ஐந்தொகை வரைக்கும் போனதில்லை. சிட்டையும் பேரேடுமே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

பேரேட்டில் பலர் தடுக்கி விழும் இடம் பற்று, வரவு. ஒரு வாடிக்கையாளர் பெயரில் ‘பற்று’ என்று எழுதியிருந்தால் அவர் கடையிலிருந்து எடுத்துப்போனது, இன்னும் கொடுக்க வேண்டியது. ‘வரவு’ என்றால் அவர் கொண்டுவந்து கட்டியது. பற்றுப் பக்கம் நீளமாகவும் வரவுப் பக்கம் காலியாகவும் இருந்தால், அந்த ஆள் கடனாளி.

## 5-8-6 என்பது என்ன?

தேதி இல்லை. ஐந்து ரூபாய், எட்டு அணா, ஆறு பை. பையை ஊரில் தம்பிடி என்றும் சொல்வார்கள். 12 பை சேர்ந்தால் ஒரு அணா, 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை. மூன்று பை ஒரு காலணா.

கூட்டிப் பார்க்க ஒரு உதாரணம்: 2-12-6 உடன் 1-5-9. பைகள் 15, அதாவது ஒரு அணா மூன்று பை. அணாக்கள் 12, 5, ஒன்று சேர்ந்து 18, அதாவது ஒரு ரூபாய் இரண்டு அணா. மொத்தம் 4-2-3. இதைத் தாத்தா மனதிலேயே போட்டார். திண்ணைப் பள்ளியில் கால், அரைக்கால், வீசம் என்று பின்ன வாய்பாட்டை ஒப்பித்த தலைமுறை அது. வீசம் என்றால் பதினாறில் ஒன்று. ஒரு அணா ஒரு ரூபாயின் வீசம். நாணயமும் வாய்பாடும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருந்ததால்தான் ஆறாம் வகுப்புக்கூட எட்டாதவர்கள் கடைக் கணக்கைச் சரளமாகப் பார்த்தார்கள்.

1957 ஏப்ரல் 1 அன்று இந்தப் பொருத்தம் உடைந்தது. ரூபாய்க்கு 100 நயா பைசா என்று வந்தது. ஒரு அணாவுக்குச் சரியாக 6¼ நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஒரு அணா என்றால் 6, இரண்டு அணா 12, மூன்று அணா 19, நாலணா 25 என்று மாற்று அட்டவணை போட்டார்கள். ஓரணாச் சாமானைத் தனித்தனியாக 16 பேருக்கு விற்றால் பழைய கணக்கில் ஒரு ரூபாய், புதிய கணக்கில் 96 பைசா. மொத்த வியாபாரிக்கு இது தூசு. ஓரணா, அரையணா வியாபாரமே வாழ்க்கையாக இருந்தவருக்கு அப்படி இல்லை. 1957-58 நோட்டுகளில் அடித்தல் திருத்தல் கூடுதலாக இருந்தால் காரணம் இதுதான். ‘நயா’ என்ற சொல்லை 1964 ஜூனில் விட்டுவிட்டார்கள். ஆனால் எட்டணா, நாலணா என்ற பேச்சு அந்த நாணயங்களே போன பிறகும் போகவில்லை.

இரண்டாம் உலகப் போரை நாணயத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். உலோகத் தட்டுப்பாட்டால் 1943 முதல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. நோட்டின் மடிப்பில் அப்படி ஒன்று சிக்கினால், குறைந்தது அந்த வருடம் வரைக்காவது அந்தக் கணக்கு நோட்டு புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

## எடையும் படியும்

சென்னை மாகாணத்தில் நிறுத்தல் கணக்கு இப்படிப் போனது:

1. 3 தோலா ஒரு பலம். இன்றைய கணக்கில் சுமார் 35 கிராம்.
2. 8 பலம் ஒரு சேர்.
3. 5 சேர் ஒரு வீசை. அதாவது 40 பலம், சுமார் 1.4 கிலோ.
4. 8 வீசை ஒரு மணங்கு. சுமார் 11.2 கிலோ.
5. 20 மணங்கு ஒரு பாரம்.

வட இந்தியாவில் புழங்கிய சேர் 80 தோலா, மணங்கு 40 சேர், அதாவது 37 கிலோவுக்கு மேல். ஒரே பெயர், மூன்று மடங்கு வித்தியாசம். வடக்கிலிருந்து சரக்கு வாங்கியவர் கணக்கில் இரண்டு மணங்கும் அடுத்தடுத்த வரியில் வரலாம். சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும்.

முகத்தல் இன்னும் மோசம். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்று வாய்பாடு அழகாக இருக்கும். ஆனால் படி எவ்வளவு பெரிது என்பது ஊருக்கு ஊர் வேறு. பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு படி. போதாததற்கு, தலைதட்டி அளந்தாரா, கோபுரமாகக் குவித்து அளந்தாரா என்பது வேறு. குவித்து வாங்கித் தலைதட்டி விற்றால், விலையைத் தொடாமலே லாபம். இதைக் கணக்கில் எழுத மாட்டார்கள். நம் தாத்தா அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று சொல்ல ஆசையாக இருக்கும். கணக்கு நோட்டு அதற்குச் சாட்சி சொல்லாது.

நாடு முழுவதும் கிலோவுக்கு மாறும் வேலை 1958 அக்டோபரில் தொடங்கி, 1962 ஏப்ரலில் எடைகளுக்குக் கட்டாயமானது. நாக்கு அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி “ரூபாய்க்கு மூன்று படி அரிசி” என்றுதான் இருந்தது, கிலோவில் இல்லை.

## சரி, ரூபாய்க்கு எத்தனை படி என்பதை எப்படி ஒப்பிடுவது?

அன்றைய ரூபாயைத் தங்க விலையால் பெருக்கி இன்றைய ரூபாய் ஆக்குவது எளிது. ஆனால் தங்கம் வாங்காத குடும்பத்துக்கு அது எதையும் சொல்லாது. அதே நோட்டில் கூலி எங்காவது எழுதியிருக்கும்: கிணறு தூர் வாரிய ஆளுக்கு, கூரை மேய்ந்தவருக்கு, மூட்டை இறக்கியவருக்கு. அதுதான் அளவுகோல்.

உதாரணத்துக்கு, நோட்டில் அரிசி ரூபாய்க்கு எட்டுப் படி, நாள் கூலி நாலணா என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் உழைப்புக்கு இரண்டு படி, ஊர்ப் படியைப் பொறுத்து இரண்டோ மூன்றோ கிலோ. இன்று நாள் கூலி 500 ரூபாய், அரிசி கிலோ 50 ரூபாய் என்றால் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ. மலிவாக இருந்த காலம் எது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி மலிவாக இருக்கவில்லை, மனித உழைப்பு அதைவிட மலிவாக இருந்தது.

சிறுகடைக்காரரின் வாடிக்கையாளர்கள் இந்தக் கூலிக்காரர்கள்தான். கையில் காசு அறுவடைக்குத்தான் வரும், அதுவும் பல நேரம் நெல்லாக. வயிறு அறுவடைக்காகக் காத்திருக்காது. இந்த இடைவெளியில்தான் கடை நின்றது.

## அவர் விற்றது தவணை

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சாமானை நாலணாவுக்கு வாங்குகிறார். ரொக்கத்துக்கு நாலரை அணா, அறுவடைக் கடனுக்கு ஐந்தணா.

1. ரொக்கம்: பத்து ரூபாய்ச் சரக்கை ஒரு வாரத்தில் விற்றால் லாபம் 1-4-0. அதே பத்து ரூபாயை மறுபடி சரக்காக்கி வாரம் ஒருமுறை சுற்றவிட்டால் 26 வாரத்தில் 32½ ரூபாய்.
2. கடன்: அதே பத்து ரூபாய்ச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்தால் ஆறு மாதம் கழித்து 12½ ரூபாய். லாபம் இரண்டரை ரூபாய். அதுவும் வந்தால்தான்.

காகிதத்தில் பார்த்தால் கடன் கொடுப்பவர் முட்டாள். ஆனால் முதல் வழி நடக்க வேண்டுமானால் வாராவாரம் ரொக்கம் கொண்டுவரும் ஆட்கள் ஊரில் இருக்க வேண்டும். இருந்தவர்கள் சில பேர்: வாத்தியார், தபால்காரர், கணக்குப்பிள்ளை. மீதி ஊர் கடனில்தான் வாங்கியது. கடன் இல்லை என்று சொல்கிற கடைக்கு ஆடி மாதத்தில் ஆளே வராது. அடுத்த தெருக் கடைக்காரர் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அவருக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரியும் தவணைக்குத்தான் கொடுத்தார். சென்னைப் பக்கம் கொத்தவால் சாவடி, மதுரையில் கீழமாசி வீதி, தெற்கே விருதுநகர் என்று மண்டிகள் இருந்த இடங்களிலிருந்து கடன் சங்கிலி கிராமம் வரை நீண்டது. சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் தாத்தா. மேலே இருப்பவர் தேதி சொல்லிக் கேட்பார், கீழே இருப்பவர் மழையைக் காட்டுவார்.

அறுவடையில் பலர் நெல்லாகவே கொண்டுவந்து அளந்தார்கள். பேரேட்டில் ‘நெல் வகையில் வரவு’ என்று வருவது இதுதான். தை மாசியில் நெல் விலை அடிமட்டம். அந்த விலைக்கு வரவு வைத்து, இருப்பில் போட்டு, ஆடி ஆவணியில் அதே ஆளுக்கே அரிசியாக விற்கலாம். சாமானில் ஒரு லாபம், கடன் விலையில் ஒரு லாபம், நெல்லில் ஒரு லாபம். அண்டை அயலுக்கு உதவிய பெரியவர் என்றும் சொல்லலாம், உறிஞ்சினார் என்றும் சொல்லலாம். என் பார்வையில் இரண்டும் ஒரே வரியில்தான் எழுதியிருக்கிறது.

சில வரவுகளைக் கவனித்துப் படிக்க வேண்டும். கடை கஷ்டத்தில் இருந்த மாதத்தில் பாட்டியின் பெயரில் திடீரென்று ஒரு தொகை வரவு ஆகியிருந்தால், அது அநேகமாக அடகுக்குப் போன நகை. அது திரும்பப் பற்றானதா என்று தேடிப் பாருங்கள். பல குடும்பங்களில் கடையின் மூலதனம் அதுதான், பெயர்ப்பலகையில் மட்டும் தாத்தா பெயர்.

‘மகமை’ என்ற சொல் வந்தால், அது வியாபாரத்தில் சிறு பங்கை ஊர் அல்லது சமூகப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்குவது. தென்மாவட்ட நாடார் வணிகர்களிடம் இது வலுவான ஏற்பாடு. பள்ளிகளும் கோயில்களும் இதில் எழுந்தன. வணிகர்கள் ஒருவருக்கொருவர் பணம் புரட்டும் தேவையிலிருந்து வங்கிகளும் வந்தன. 1916-இல் கரூர் வைசியா வங்கி, 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. பின்னது 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று.

## “ஊரே ஏமாற்றிவிட்டது” என்ற குடும்பக் கதை

கடை வைத்திருந்த குடும்பங்களில் ஒரு கதை பொதுவாக இருக்கும்: தாத்தா இளகின மனசு, வாங்கினவன் எவனும் கொடுக்கவில்லை, கடை படுத்துவிட்டது. ஆளின் குணத்தைத் தாண்டியும் காரணங்கள் உண்டு. நோட்டில் எந்த வருடத்தில் பாக்கி பெருகுகிறது என்று பார்த்தால் பிடிபடும்.

1930-கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. கடன் தொகை விழவில்லை. ஒரு மூட்டை நெல்லில் அடைந்திருக்க வேண்டிய கடனுக்கு இரண்டு மூட்டை தேவைப்பட்டது. இரண்டாவது மூட்டை யாரிடமும் இல்லை. 1938-இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் சேர்ந்திருந்த வட்டி தள்ளுபடியானது. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. விவசாயிக்கு மூச்சு வந்தது. தவணைக்குச் சரக்கு எடுத்து விவசாயிக்குக் கடனாகக் கொடுத்திருந்த சிறுகடைக்காரருக்கு அந்தச் சட்டத்தில் நிவாரணம் இல்லை, அவர் மண்டிக்குக் கட்ட வேண்டியது அப்படியே நின்றது.

1939. சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் குறைந்தவர்களுக்கு வரி இல்லை. அன்றைய அரசின் கண்ணில் யார் ‘சிறு’ வியாபாரி என்பதற்கு இது ஒரு கோடு.

1942 முதல். ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. கட்டுப்பாடு, பங்கீடு, உரிமம் என்று வரிசையாக வந்தன. தானியம் விற்க உரிமம் கிடைத்தவர் ஏறினார், கிடைக்காதவர் மிளகாய், உப்பு, மண்ணெண்ணெய் என்று சுருங்கினார். கணக்கில் அரிசி திடீரென்று மறைந்து, சில்லறைச் சாமான்கள் மட்டும் மிஞ்சினால் இந்தக் காலம்தான். 1952 ஜூனில் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதற்குள் பத்து வருடம் ஓடிவிட்டது.

சட்டமும் அவர் பக்கம் அவ்வளவாக இல்லை. கடையில் வாங்கிய சரக்குக்குப் பணம் கேட்டு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி. அன்று நடப்பில் இருந்த 1872 சாட்சியச் சட்டப்படி, ஒழுங்காக எழுதிய கணக்குப் புத்தகம் சாட்சியமாகலாம் என்று இருந்தது, ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது என்றும் இருந்தது. அதனால்தான் நோட்டுக்கு நடுவில் புரோநோட்டுகள், அதாவது கடன் வாங்கியவர் எழுதிக் கொடுத்த கடன் சீட்டுகள், இருக்கும். அவற்றின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மூன்று வருடம் முடியும் தறுவாயில் ‘அசலில் வரவு ரூ. 1’ என்று கடனாளி கையெழுத்தோ கைநாட்டோ இருந்தால், அந்த ஒரு ரூபாய் கடனை அடைக்கக் கொடுத்ததல்ல. காலக் கெடுவைப் புதிதாகத் தொடங்கச் செய்த வரவு. இரண்டு பேரும் தெரிந்தேதான் செய்தார்கள். கடை தொடர்ந்து சரக்கு தரும் வரைக்கும் இந்த ஏற்பாடு இருவருக்கும் வசதி.

## நோட்டைப் பொதுவில் போடுமுன்

பேரேடு முழுக்க மற்றவர்கள் பெயர். சாதி, தகப்பன் பெயர், தெரு, கடன் தொகை எல்லாம் சேர்த்து எழுதியிருக்கும். பெண்கள் சொந்தப் பெயரில் இல்லாமல் ‘இன்னார் சம்சாரம்’ என்று இருப்பார்கள். அந்தப் பேரன் பேத்திகள் இன்றும் அதே ஊரில் இருக்கலாம். படம் போடுவதானால் பெயர்களை மறைத்துப் போடுங்கள்.

விலை பேசிய விதத்தை நோட்டில் தேடவும் வேண்டாம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து முடித்த பேரம் கணக்குக்கு வந்தபோது வெறும் தொகையாகத்தான் வந்தது.

கடைசியாக, நோட்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் வருடவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் முதல் சில பக்கங்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதுக்கணக்கு போடும்போது வராத தொகைகளைப் ‘பழைய பாக்கி’ என்று முதலில் எழுதிவிட்டுத்தான் புது வியாபாரத்தைத் தொடங்குவார்கள். வாராது என்று தெரிந்த பாக்கியைக்கூட அடிக்க மாட்டார்கள். அடித்துவிட்டால் அந்த ஆள் கடைக்கு வரும் பாதையும் அடைபட்டுவிடும். அதனால் ஒரே பெயர், ஒரே தொகை, பத்து நோட்டுகளில் பத்து முறை எழுதியிருக்கும். ஒரு கட்டத்தில் பெயர் மட்டும் மாறும். தகப்பன் பெயர் போய் மகன் பெயர் வந்திருக்கும், தொகை அப்படியே இருக்கும்.